உகாண்டாவில் விடைபெறும்போது

அன்புள்ள நண்பா,

ஸ்தோத்திரம். நம் சபை டீமின் உகாண்டா பயணம் பற்றிய உன் கடிதமும் நிகழ்ச்சி நிரலும் வந்து சேர்ந்தன. இங்கே எல்லாரும் சுகம். சபை விருந்தான அசனத்தில் அரிசி மிஞ்சிய பஞ்சாயத்து மட்டும் சபை மன்றத்தில் இன்னும் ஓயவில்லை. அது கிடக்கட்டும், உகாண்டாவில் நீங்கள் போகும் மசாக்காவுக்கு வருவோம்.

வழியனுப்புக் கூட்டத்தை விமானம் ஏறும் நாள் காலையில் போட்டிருக்கிறாய். அதை முந்தின நாள் மத்தியானத்துக்குத் தள்ளு. அங்கே கிராமத்துச் சபையில் பாடல் குழு பாடும், உங்களில் ஒவ்வொருவரையும் எழுப்பி அறிமுகப்படுத்துவார்கள், போதகர் தொடங்கி ஊரின் எல்.சி.1 (கிராம மன்றம்) தலைவர் வரை பேசுவார்கள், அதன் பிறகுதான் சாப்பாடு. மூன்று நான்கு மணி நேரம் சாதாரணமாக ஓடும். நடுவில் ‘வண்டிக்கு நேரமாச்சு’ என்று எழுந்தால் அதைவிட அவமரியாதை வேறில்லை. மசாக்கா சாலையில் கம்பாலாவை நெருங்கும்போது கியெங்கேரா பக்கம் நெரிசலில் சிக்கினால் சிக்கியதுதான். என்டெபே விமான நிலைய வாசலிலேயே வண்டியிலிருந்து இறக்கிச் சோதிப்பார்கள், அதற்கும் நேரம் வை.

உயிர்க்கோழி, மத்தோக்கே என்ற சமையல் வாழைத்தார், முட்டை, பாய், கூடை என்று கொண்டுவந்து தருவார்கள். விமானத்தில் கொண்டுபோக முடியாதே என்று கையை நீட்டாமல் இருந்துவிடாதீர்கள். இரண்டு கையாலும் வாங்கி, நன்றி சொல்லி, பக்கத்தில் வையுங்கள். கூட்டம் கலைந்த பிறகு கோழியும் தாரும் போதகர் வீட்டுக்கோ சமைத்துப் போட்டவர்களுக்கோ போகட்டும். பெண் பிள்ளைகள் முழங்காலிட்டுக் கொடுப்பார்கள். மசாக்கா இருக்கும் புகாண்டா பகுதியில் பெரியவர்களுக்குக் காட்டும் மரியாதை அது. நம் இளைஞர்கள் பதறிப்போய் அவர்களைத் தூக்கி நிறுத்துவதுண்டு. முன்னாடியே சொல்லி வை.

விருந்தினர் பதிவேடு என்று ஒன்று எடுத்து வருவார்கள். சபை, பள்ளி, சுகாதார நிலையம் எங்கே போனாலும் உண்டு. தேதி, பெயர், முகவரி, தொலைபேசி, கருத்து என்று கோடு போட்டிருக்கும். சிக்கல் கடைசி இரண்டு கட்டத்தில்தான். தொலைபேசிக் கட்டத்தில் டீம் முழுவதும் நம் சபை அலுவலக எண்ணையே எழுதட்டும். சொந்த எண்ணைக் கொடுத்தால் ஊர் திரும்பிய வாரமே பள்ளிக் கட்டணம், ஆஸ்பத்திரிச் செலவு என்று வாட்ஸ்அப் வரத் தொடங்கும். கேட்பவர்களின் தேவை பெரும்பாலும் உண்மையானதுதான். ஆனால் ஒருவருக்குப் போகும் பணம் உள்ளூர்ப் போதகருக்குத் தெரியாமல் போனால், சபைக்குள் பொறாமை முளைக்கும், பழி அவர் தலையில் விழும். கருத்துக் கட்டத்தில் ‘அடுத்த வருஷம் வருவோம்’ என்று யாரும் எழுதக் கூடாது. நமக்கு அது மரியாதைப் பேச்சு. அவர்களோ அதை நம்பி அடுத்த வருஷத் திட்டமே போட்டுவிடுவார்கள். மேடையில் பிரார்த்திக்கும்போதும் இதே கட்டுப்பாடு வேண்டும். ‘திரும்ப வரக் கிருபை தாரும்’ என்ற ஜெபமும் அவர்கள் காதில் வாக்குறுதியாகத்தான் விழும்.

வேதாகமத்தில் அப்போஸ்தலர் 20-ஐ டீமோடு உட்கார்ந்து வாசி. மிலேத்துவில் பவுல், இனி என் முகத்தைப் பார்க்கமாட்டீர்கள் என்று எபேசு மூப்பர்களிடம் நேராகச் சொல்லிவிடுகிறார். ஒருவருடைய வெள்ளிக்கும் பொன்னுக்கும் ஆசைப்படவில்லை என்று கணக்கையும் முடிக்கிறார். அழுகையும் கட்டித்தழுவுதலும் அதற்குப் பிறகுதான்.

நீங்களும் கணக்கை முதலில் முடியுங்கள். டிரைவர், சமையல்காரர், மொழிபெயர்ப்பாளர் மூவருக்கும் கூட்டத்துக்கு முந்தின நாளே கூலி போய்ச் சேர வேண்டும். எப்போதும் மறந்துபோவது மொழிபெயர்ப்பாளரைத்தான். சபை ஆள்தானே என்று நினைத்துவிடுகிறோம். காணிக்கையைச் சபைப் பொருளாளரிடம், இன்னொருவர் முன்னிலையில் கொடுத்து ரசீது வாங்கு. டாலர் நோட்டு பழசாகவோ கிழிந்தோ மடிந்தோ இருந்தால் வாங்க மாட்டார்கள், இல்லை மதிப்பைக் குறைப்பார்கள். சின்ன நோட்டுகளுக்கும் ரேட் குறைவு. நூறு டாலர் புது நோட்டாகக் கொண்டு போ.

நீங்கள் கொண்டுபோகும் மருந்தில் மிஞ்சுவது தனிக் கதை. எடுத்துப் போகும்போதே குறைந்தது ஒரு வருஷம் காலாவதி மிச்சமிருக்க வேண்டும். வெட்டிய மாத்திரை அட்டையில் தேதி வெட்டோடு போயிருக்கும். அதைக் கொடுக்கவே கூடாது. ஹெல்த் சென்டர் பொறுப்பாளரிடம் பட்டியலோடு ஒப்படை. நம் ஊர் பிராண்டு பெயர் அங்கே உதவாது. பாராசிட்டமால் 500 மி.கி., எத்தனை மாத்திரை, எந்த மாதம் காலாவதி என்று எழுது. வீடு வீடாகக் கொடுத்துவிட்டு வந்தால், அளவு தெரியாமல் குழந்தைக்குக் கொடுப்பார்கள்.

கடைசி நாள் ஜின்ஜா என்று போட்டிருப்பதை அடித்துவிடு. நைல் புறப்படும் இடம், காந்தியின் அஸ்தி கரைத்த இடம், ஆசை புரிகிறது. ஆனால் அது கம்பாலாவுக்குக் கிழக்கே சுமார் 80 கி.மீ.; என்டெபே வேறு திசை. மசாக்காவிலிருந்து வரும் வழியிலேயே கயாப்வேயில் பூமத்திய ரேகைக் கோடு இருக்கிறது, போட்டோவுக்கு அது போதும். எங்கே நின்றாலும் விக்டோரியா ஏரியில் கால் நனைக்க விடாதே. பில்ஹார்சியா புழு தோல் வழியாகவே உள்ளே போகும், வாரக்கணக்கில் வெளியே தெரியாது.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டை கைப்பையில் இருக்கட்டும், பெட்டியில் வேண்டாம். அது இல்லாமல் இந்தியாவில் இறங்கினால் ஆறு நாள் வரை தனிமையில் வைப்பார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அட்டை செல்லும், ஆகவே கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டுக்கு இப்போதே போங்கள். மலேரியா மாத்திரையை வீட்டுக்கு வந்ததும் நிறுத்திவிடாதீர்கள்: டாக்ஸிசைக்ளின் என்றால் இன்னும் நான்கு வாரம், அட்டோவாக்குவோன்-புரோகுவானில் என்றால் ஏழு நாள். பிறகு யாருக்காவது காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் முதல் வார்த்தையாக உகாண்டா என்று சொல்லட்டும். இல்லாவிட்டால் வைரல் காய்ச்சல் என்று அனுப்பிவிடுவார்கள்.

மருந்துப் பட்டியல் தயாரானதும் ஒரு நகல் அனுப்பு, பெயர்களைச் சரிபார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்