காலி பேரலில் என்ன இருக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடலூர் சிப்காட்டில் தீ விபத்து என்றாலே ரியாக்டர், பாய்லர் பற்றித்தான் பேச்சு. ஆலை வாசலைத் தாண்டிப் பழைய இரும்புக் கடைக்குப் போகும், ரசாயனம் வந்த காலி பேரல்களை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. தண்ணீர் பிடிக்க, அடுப்பு செய்ய, தகடாக விரித்து மறைப்புக் கட்ட என்று அதற்கு ஆயிரம் தேவை. மேல்தகட்டைக் கேஸ் கட்டிங்கில் அறுக்கும்போதுதான் வினை.

டொலுயீனை எடுத்துக்கொள்ளுங்கள். பெயிண்ட், தின்னர், மருந்து மூலப்பொருள் எனப் பல தொழில்களில் புழங்கும் கரைப்பான். 4 டிகிரி செல்சியஸிலேயே தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடும். நம் ஊர் மார்கழி விடியல்கூட அதைவிட எவ்வளவோ சூடு. அந்த ஆவி காற்றில் 1.1 முதல் 7.1 சதவீதம் வரை கலந்திருந்தால் பொறி பட்டதும் வெடிக்கும். 200 லிட்டர் பேரலில் கீழ் வரம்பை எட்ட ஏறத்தாழ 10 மில்லி போதும், அதாவது இரண்டு தேக்கரண்டி. கவிழ்த்து வடித்த பிறகும் அடி மடிப்பில் அவ்வளவு நிற்கும். மூடிய பேரலுக்குள் 30 டிகிரியில் ஆவி சுமார் 5 சதவீதம் வரை சேரும். வெடிக்கும் வரம்புக்குள் கச்சிதமாக உட்கார்ந்திருக்கிறது!

"தண்ணீர் விட்டு அலசிவிட்டோம்" என்பார்கள். டொலுயீன் தண்ணீரில் கரையாது, மிதக்கும். ஆவியோ காற்றைவிட மூன்று மடங்கு கனம்; சிறு மூடியைத் திறந்து வைத்தாலும் அடியில் தங்கிவிடும். எரியும் ஆவியின் அளவைக் காட்டும் மீட்டர் வைத்திருப்பவர்களும் பேரலின் வாயருகே பிடித்துவிட்டுப் பூஜ்யம் என்று எழுதுகிறார்கள். குழாய் விட்டு மேல், நடு, அடி மூன்றிலும் பார்க்க வேண்டும். ரெசின் எனும் பிசின் ஒட்டியிருந்தால் அதுவும் போதாது. வெட்டும் சூட்டில் அது இளகிப் புதிதாக ஆவி கக்கும். தீப்பிடிக்காமல் இருக்க நைட்ரஜன் நிரப்பிய பேரலில் சாதாரண எரிவாயு மீட்டரை நம்பவே கூடாது. அதன் சென்சார் வேலை செய்ய ஆக்சிஜன் வேண்டும்.

நீராவியால் கழுவி, மீட்டரில் சோதித்து, பிறகு டின் திறப்பான்போல விளிம்பை ஒட்டி வெட்டும் கைக்கருவியால் திறப்பதே முறை. பூச்சிமருந்து இருந்த பேரலை எத்தனை முறை கழுவினாலும் வீட்டுத் தண்ணீருக்கு வைக்கக் கூடாது.

சட்டம் இல்லாமல் இல்லை. 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின் முதல் அட்டவணையில் 33.1 என்ற வரிசையில் ரசாயனம் படிந்த காலி பேரல்களே வருகின்றன. மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அங்கீகாரம் பெற்றவருக்கு மட்டுமே, படிவம் 10 என்ற அனுப்புச் சீட்டோடு கொடுக்க வேண்டும். பொதுவாக ஆலைக்குள் 90 நாளுக்கு மேல் அடுக்கியும் வைக்கக் கூடாது. எடை போட்டு விற்ற ரசீதைக் காட்டித் தப்பிக்க முடியாது.

ஆலைகளின் இடர் மதிப்பீட்டு அறிக்கைகள் பேரல் வாசலைத் தாண்டியதோடு முடிந்துவிடுகின்றன என்பதே எங்கள் குறை. கரைப்பான் எத்தனை பேரல் உள்ளே வந்தது என்று கொள்முதல் பதிவேட்டில் இருக்கிறது. படிவம் 10-இல் எத்தனை பேரல் வெளியே போனது என்று இருக்கிறது. வாரிய அதிகாரிகள் ஆய்வுக்கு வரும் நாளில் இவ்விரண்டையும் ஒருமுறை ஒத்துப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
தொழிற்சாலைப் பாதுகாப்புப் பணியில் உள்ள வாசகர்கள்,
கடலூர் முதுநகர்