சுங்குடியில் முடிச்சு எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

துணியில் முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்கிப் புள்ளி எடுக்கும் மதுரைச் சுங்குடியை இளைய தலைமுறை மறந்துவிட்டது என்ற புலம்பல் சரியல்ல. சேலை, சுடிதார், குர்த்தா என்று கல்லூரிப் பெண்கள் விரும்பித்தான் உடுத்துகிறார்கள். புள்ளி அவர்களிடம் போய்ச் சேர்ந்துவிட்டது, அதை உண்டாக்கும் முடிச்சுவேலைதான் போகவில்லை.

நாயக்கர் காலத்தில் சௌராஷ்டிர நெசவாளர்களோடு மதுரைக்கு வந்த வேலை இது. குஜராத்தில் முடிச்சிட்டுச் சாயமேற்றும் பாந்தினிக்கும் இதற்கும் அடிப்படை ஒன்றே. இங்கே அது நம் வெயிலுக்கேற்ற பருத்தியில் ஏறி, கோலப்புள்ளி போல வரிசை பிடித்தது. அந்த மாற்றத்தில் நஷ்டமில்லை, ஏனென்றால் விரல்வேலை அறுபடாமல் வீட்டுப் பெண்களிடம் கைமாறி வந்தது.

கஞ்சி போக அலசிக் காயவைத்த துணியை மடித்துப் புள்ளி குறிப்பார்கள். குறித்த இடத்தை நகத்தால் கிள்ளித் தூக்கி, நூலை இரண்டு மூன்று சுற்று சுற்றி இறுக்கி, அறுக்காமலே அடுத்த புள்ளிக்குப் போக வேண்டும். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு. இறுக்கம் குறைந்தால் சாயம் உள்ளே புகுந்து புள்ளி மங்கிவிடும். கிள்ளல் பெரிதானால் திட்டாகிவிடும். கஞ்சி மிச்சமிருந்தால் சாயம் சீராக ஏறாது. இரண்டு நிறமென்றால் வெளிர்நிறத்தில் முதலில் முக்கி, மறுபடி கட்டி, அடர்நிறத்துக்குப் போக வேண்டும். சாயமேறிக் காய்ந்த துணியை இருபுறமும் பிடித்து இழுத்தால் முடிச்சுகள் படபடவெனத் தெறித்து அவிழும். எவ்வளவு இறுக்கலாம் என்பது பக்கத்தில் உட்கார்ந்து கட்டினால்தான் விரலுக்குப் பிடிபடும்.

முடிச்சுக்குப் பதிலாக மெழுகால் புள்ளி வைத்துச் சாயத்தில் முக்கும் மெழுகு அச்சு வந்தபோதுகூடச் சாயத்தொட்டி மிஞ்சியது. ஸ்கிரீன் பிரிண்டில் அதுவும் போயிற்று. அச்சடிப்பவர் சேலையைப் பார்த்துப் பழகியவர், கட்டுபவரைப் பார்த்தல்ல. வட்டம் மட்டுமே அவர் கைக்கு வந்தது. கொடுமை என்னவென்றால், அச்சுப்புள்ளியில் பழகிய கண்ணுக்கு அசல் சேலைதான் இப்போது கோணலாகத் தெரிகிறது!

2005-இல் புவிசார் குறியீடு கிடைத்தும் கடைகளில் எல்லாம் ஒரே பெயரில்தான் விற்கின்றன. ‘கட்டியது’, ‘அச்சடித்தது’ என்று தனித்தனிச் சீட்டு ஒட்டட்டும். வாங்குபவரும் புரட்டிப் பார்க்கலாம். கட்டிய புள்ளிகளில் ஒன்றுபோல் ஒன்று இராது, ஓரம் கசிந்திருக்கும், நிறம் இருபக்கமும் ஒன்றாக இருக்கும். ஸ்கிரீன் பிரிண்ட் என்றால் பின்பக்கம் பெரும்பாலும் வெளிறியிருக்கும்.

பள்ளிகளின் கைத்தொழில் வகுப்பில் இதைச் சேர்ப்பதற்குப் பெரிய செலவில்லை. பிள்ளைக்கு அரை மீட்டர் மல்துணியும் ஒரு நூல்கண்டும் போதும். கட்டத் தெரிந்த மூத்த பெண்களுக்குக் கூலி கொடுத்து அழைத்து உட்காரவையுங்கள். சாயம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதல் மாதம் கட்டவும் அவிழ்க்கவும் மட்டும் பழகட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
முனிச்சாலை, மதுரை