ஈஸ்டர் திங்களன்று அம்மாவுக்கு

இயேசு மரி சூசை

நியூ ஹாம்ப்ஷயர்,
6 ஏப்ரல் 2026

அன்புள்ள அம்மாவுக்கு,

மகன் எழுதிக்கொள்வது. நான் நலம். உங்கள் நலமும் அக்கா, அத்தான், பிள்ளைகள் நலமும் அறிய ஆவல். எல்லாருக்கும் உயிர்ப்புப் பெருவிழா வாழ்த்துகள்.

உங்கள் கடிதம் தவக்காலத்தின் நடுவிலேயே வந்துவிட்டது. உள்ளே வைத்திருந்த போன வருஷத்துக் குருத்தோலைச் சிலுவை கொஞ்சம் நசுங்கியிருந்தாலும் உடையவில்லை. மேசை விளக்கில் செருகி வைத்திருக்கிறேன். போனில்தான் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று அக்கா சிரிப்பாள். போனில் நீங்கள் "சாப்பிட்டியா, குளிருதா" என்பதோடு முடித்து அவளிடம் கொடுத்துவிடுகிறீர்கள். கடிதத்தில்தான் ரெண்டு பக்கம் சித்தப்பாவைத் திட்டுகிறீர்கள். அதனால் நானும் எழுதியே பதில் சொல்கிறேன்.

குளிர் குறைந்துவிட்டது. ஏப்ரல் பிறந்தும் பாதையோரத்தில் பனி கறுத்துப்போய்க் குவிந்து கிடக்கிறது, மற்ற இடமெல்லாம் சேறு. பனிமய மாதா கோயிலில் ஞானஸ்நானம் வாங்கியவன் இந்தக் குளிர்காலம் முழுக்கப் பனி அள்ளியதைப் பார்த்து மாதாவுக்கே சிரிப்பு வந்திருக்கும்.

வாடகை வீட்டை விட்டுவிட்டுக் கல்லூரி விடுதியிலேயே ஓர் அறைக்கு வந்துவிட்டேன். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆசிரியர் கூடவே இருந்தால் நல்லது என்றார்கள். வாடகை கிடையாது, அதுவும் ஒரு வசதி. மொத்தமே நூற்றுச் சொச்சம் பிள்ளைகள். ஒருவன் தும்மினால் எல்லாருக்கும் தெரிந்துவிடும். பாத்திரம் கழுவுவது, கோயிலைப் பெருக்குவது எல்லாம் முறைவைத்து அவர்களே செய்கிறார்கள். காலையில் என்னிடம் கணக்கில் திட்டு வாங்கியவன்தான் மத்தியானம் எனக்குச் சூப் ஊற்றுகிறான். அன்றைக்குக் கரண்டி கொஞ்சம் மேலோட்டமாகவே போகிறது. அப்புறம், புதுப் போப்பாண்டவர் லியோவும் கல்லூரியில் கணக்குதான் படித்தார், 1977-இல் பட்டம் வாங்கினார். "கணக்கு படிச்சு என்னடா ஆகப்போறே" என்று கேட்ட உப்பளத்து மாமாவிடம் இதைத் தவறாமல் சொல்லுங்கள்.

சாப்பாட்டுக்குக் குறையில்லை. வெள்ளிக்கிழமைகளில் மீன் போட்டார்கள். மாவில் முக்கிப் பொரித்த வெள்ளை மீன், முள்ளும் இல்லை, ருசியும் இல்லை. மார்ச் மாதத்தில் பிள்ளைகள் மேப்பிள் பாகு காய்ச்சினார்கள். இரவு உறைந்து பகலில் உருகும் நாள்களில் மரத்தில் துளை போட்டு வாளியை மாட்டினால் சாறு தண்ணீர் மாதிரி இறங்குகிறது. நாற்பது லிட்டர் காய்ச்சினால் ஒரு லிட்டர் பாகு தேறும். அடுப்பிலிருந்து ஆவி எழும்பியபோது பதநீர் காய்ச்சுகிற வாசனை அப்படியே வந்தது. உடன்குடிக் கருப்பட்டியை இவர்கள் கண்ணால்கூடக் கண்டதில்லை, பாவம்.

வாடகை வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக் கிழவரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நன்றாக இருக்கிறார். எண்பது தாண்டியும் விடிவதற்குள் எங்கள் வாசல் பனியையும் சேர்த்துத் தள்ளிவிட்டுப் போய்விடுவார். நன்றி சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். பெண்சாதி போன பிறகு அவருக்கு இருப்பது தேனீப் பெட்டிகள்தான். இந்த வருஷம் பாஸ்கா திரியில் அவர் கொடுத்த மெழுகும் சேர்ந்திருக்கிறது. அவருக்கு ஒரு பழைய மனத்தாங்கல் உண்டு. ஈஸ்டர் இரவில் திரிக்கு முன்னால் நின்று பாடும் புகழுரையில் தேனீக்களின் உழைப்பைச் சொல்லும் வரி ஒன்று இருக்கிறது. முன்பிருந்த ஆங்கிலப் பூசைப் புத்தகத்தில் அதை எடுத்துவிட்டார்களாம். 2011-இல் வந்த புதுப் புத்தகத்தில்தான் திரும்பச் சேர்த்தார்கள். இத்தனை வருஷம் என் பூச்சிகளை வெளியே நிற்க வைத்துவிட்டார்கள் என்று யாரைப் பார்த்தாலும் சொல்கிறார். சனிக்கிழமை இரவு சாமியார் அந்த வரியைப் பாடியபோது என் விலாவில் முழங்கையால் ஒரு இடி இடித்தார் பாருங்கள், இன்னும் வலிக்கிறது. காதுக் கருவி கீச்சென்று கத்துவதைக்கூடக் கவனிக்கவில்லை. நம் தமிழ்ப் புத்தகத்தில் தேனீ வருகிறதா என்று பங்குச் சாமியாரிடம் கேட்டு எழுதுங்கள். கிழவர் என்னை விடமாட்டேன் என்கிறார்.

பெரிய வியாழனன்று பாதம் கழுவ என்னையும் கூப்பிட்டார்கள். இங்கே ஆணும் பெண்ணுமாக உட்கார வைக்கிறார்கள். பிரான்சிஸ் போப்பாண்டவர் 2016-இல் அதற்கு வழிசெய்துவிட்டாரே, நம் கோயிலில் இந்த வருஷம் எப்படி? காலுறையைக் கழற்றும்போதுதான் பெருவிரலில் ஓட்டை இருப்பதைப் பார்த்தேன். கடைக்குப் போக நேரமே அமைவதில்லை. சாமியார் கண்டுகொள்ளாமல் வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றித் துடைத்துவிட்டார். பெரிய வெள்ளிக்கு இந்த நாட்டில் மத்திய அரசு விடுமுறை கிடையாது. நாங்கள் சிலுவைப்பாதை போகும்போது ஊரில் கடைகள் வழக்கம்போல் திறந்திருந்தன. நம் கோயில் கஞ்சியை நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமைதான் ஓடவே இல்லை, அம்மா. நம் வீட்டில் அன்றைக்கு உட்கார ஏது நேரம்? நீங்கள் மசாலா வறுப்பீர்கள், அக்கா வீட்டைக் கழுவுவாள், அப்பா துணி தேய்ப்பார். இங்கே பிள்ளைகள் பாட்டுப் பயிற்சிக்குப் போய்விட்டார்கள். நான் கோயிலில் போய் உட்கார்ந்திருந்தேன். பீடத்தில் துணிகூட இல்லை. நற்கருணைப் பேழை காலியாகத் திறந்து கிடந்தது. வெள்ளியின் அழுகைக்கும் ஞாயிற்றின் அல்லேலூயாவுக்கும் பிரசங்கம் உண்டு, இந்த நாளுக்கு ஒன்றும் கிடையாது. சீடர்கள் அன்றைக்கு என்ன செய்திருப்பார்கள்? கதவைப் பூட்டிக்கொண்டு, அடுத்து எங்கே போவது என்று கையிருப்பை எண்ணிப் பார்த்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றியது. சும்மா ஒரு நினைப்பு.

இரவு எட்டரைக்கு வெளியே நெருப்பு மூட்டினோம். உங்களுக்கு அப்போது ஞாயிறு காலை ஆறு மணி, நடுச்சாமப் பூசை முடிந்து கறி வாங்க அத்தானைக் கிளப்பியிருப்பீர்கள். காற்றில் திரி அணைந்து அணைந்து போனது. பழைய ஏற்பாட்டு வாசகம் ஏழையும் விடாமல் வாசித்தார்கள். செங்கடல் பிளந்த வாசகத்தை என்னிடம் கொடுத்தார்கள், கடற்கரை ஆள் நீதானே என்று. இரவு முழுக்கக் கொண்டல் காற்று அடித்தது என்கிற இடத்தில் அப்பாவின் வள்ளம் கண்முன் வந்து நின்றது. அவர் கரைக்கு வரப் பிந்திய இரவுகளில் நீங்கள் செபமாலையோடு வாசலில் நிற்பீர்களே. எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. கோயில் முழுக்கக் காத்திருந்தது. கிழவர் முன்வரிசையிலிருந்து பெரிதாக ஒரு இருமல் இருமினார், அந்தச் சாக்கில் தண்ணீர் குடித்துவிட்டு வாசித்து முடித்தேன்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன்.

வளையலை மீட்க இந்த மாதம் அனுப்புகிறேன் என்றது அடுத்த மாதம் ஆகும். சேர்த்து அனுப்பினால் கமிஷன் குறையும், அதற்காகத்தான். இப்போதைக்கு வட்டியை மட்டும் அத்தான் கட்டட்டும், நான் அவரிடம் பேசிக்கொள்கிறேன். சின்னக் கல்லூரிகளை மூடுகிறார்கள் என்று அக்கா எங்கோ படித்தாளாம். எங்கள் கல்லூரிக்கு ஒன்றுமில்லை. அடுத்த வருஷத்துக்கான ஒப்பந்தம் மே கடைசியில்தான் கையில் வரும், எல்லாருக்கும் அப்படித்தான்.

பாப்பாவின் புதுநன்மைக்கு வெள்ளைக் கவுன் தைக்கக் கொடுத்துவிடுங்கள். இங்கிருந்து வாங்கி அனுப்பினால் அளவு சரியாக வராது. அப்பாவின் ஆண்டுப் பூசைக்கு இப்போதே பணம் கட்டி நாளைப் பிடித்து வையுங்கள், போன வருஷம் மாதிரி காலைப் பூசையில் நாலாவது பெயராக வாசிக்க வேண்டாம். கண் ஆபரேஷனைத் தள்ளிப்போடாதீர்கள்.

சித்தப்பா விஷயத்தில் என் முடிவு இதுதான். தாத்தா வீட்டைப் பாகம் பிரிக்க நாம் மறுக்கவில்லை. ஆனால் கிணற்றுப் பக்கத்தை அவர் எடுத்துக்கொண்டு நமக்குச் சந்துப் பக்கத்தைத் தருவது நியாயமில்லை. முதலில் அப்பாவின் வாரிசுச் சான்றிதழ் வேண்டும். வில்லங்கச் சான்றைப் பத்திரப்பதிவுத் துறைத் தளத்தில் அத்தான் எடுத்துப் பார்க்கட்டும். என் பங்குக்குப் பவர் பத்திரம் தேவைப்பட்டால் இங்கே தூதரகத்தில் சான்று வாங்கி அனுப்ப வேண்டியிருக்கும், அதற்கு நாள் பிடிக்கும். சித்தி கேக்கும் மக்ரூனும் கொண்டுவந்து ஈஸ்டர் பேச்சுப் பேசுவாள். வாங்கிச் சாப்பிடுங்கள், காபியும் கொடுங்கள். எந்தத் தாளிலும் கையெழுத்து மட்டும் போட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்