பழைய ஆயிலை எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இதழின் வாசகர் கடிதப் பகுதியில், கார் ஆயிலை ஒர்க் ஷாப்பில்தான் மாற்ற வேண்டும் என்றில்லை, வீட்டிலேயே மாற்றலாம், செலவில் பாதி மிச்சம் என்று ஒரு அன்பர் எழுதியிருந்தார். நான்கு வருடமாக அந்த வேலையைச் செய்துவருகிறவள் நான். அவர் சொன்னதெல்லாம் சரிதான். ஆனால் 'பழைய ஆயிலை இறக்கிவிட்டு' என்று ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டார். இறக்கிய ஆயிலை என்ன செய்தார் என்று எழுதவில்லையே! அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம்.

நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். தஞ்சாவூரில் புதாற்றுக்கு அருகே வீடு. வண்டி 2012 மாடல் சான்ட்ரோ, இருங்காட்டுக்கோட்டையில் செய்தது. என் வீட்டுக்காரர் ஆசையாக வாங்கினார். அவர் போன பிறகு விற்றுவிடச் சொன்னார்கள். எனக்கு மனம் வரவில்லை, ஓட்டக் கற்றுக்கொண்டேன்.

ஆயில் மாற்றக் கற்றுக்கொண்டதற்குக் காரணம் சிக்கனம் இல்லை, சந்தேகம். ஊரில் ஒரு ஒர்க் ஷாப்பில் வருடா வருடம் சர்வீஸுக்கு விடுவேன். பில்லில் ஆயில், ஆயில் ஃபில்டர், வாஷர் என்று வரிசையாக இருக்கும். ஒரு வருடம் விடுவதற்கு முன்னால், மகள் விட்டுப்போன சிவப்பு நகப்பூச்சை எடுத்து, ஃபில்டரின் அடிப்பக்கம் ஒரு பொட்டு வைத்து அனுப்பினேன். வண்டி திரும்பி வந்தது. பில்லில் புது ஃபில்டருக்குக் காசு போட்டிருந்தார்கள். குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தால் என் பொட்டு அப்படியே இருக்கிறது, கொஞ்சமும் கலையாமல். சண்டைக்குப் போகவில்லை. முப்பது வருடம் பிள்ளைகளின் ரெக்கார்டு நோட்டைத் திருத்தியவளுக்குக் காப்பி அடித்த கணக்கு தெரியாதா? அடுத்த வருடம் பதினேழாம் நம்பர் ரிங் ஸ்பேனர் ஒன்று வாங்கிவிட்டேன்.

வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன், அந்த அன்பர் விட்ட இடங்களை மட்டும். முதலில், ஜாக்கி டயர் மாற்றுவதற்குத்தான். அதை நம்பி வண்டிக்கு அடியில் தலையை விடக் கூடாது. நான் ஆசாரியிடம் சொல்லி, பழைய வேப்பம் பலகைகளைப் படிப்படியாக அடுக்கி அடித்து இரண்டு சாய்வு மேடை செய்து வைத்திருக்கிறேன். முன்சக்கரம் இரண்டையும் அதில் ஏற்றி, ஹேண்ட் பிரேக் போட்டு, முதல் கியரில் நிறுத்தி, பின்சக்கரத்துக்கு மர ஆப்பு வைக்க வேண்டும். செங்கல் வைக்காதீர்கள், உடையும்.

இரண்டாவது, இன்ஜினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு, அப்புறம் அணைத்துவிட்டு ஆரம்பிக்க வேண்டும். சூடானால் ஆயில் இளகும், அடியில் தங்கிய அழுக்கையும் இழுத்துக்கொண்டு வரும். பதினொன்றாம் வகுப்புச் செய்முறையில் உயரமான கண்ணாடி ஜாடியில் விளக்கெண்ணெய் ஊற்றி, எஃகுக் குண்டைப் போட்டு, அது இறங்குகிற நேரத்தைக் கணக்கெடுக்கச் சொல்வோம். பாகியல் எண் காணும் சோதனை அது. மந்தமான ஆளை 'விளக்கெண்ணெய்' என்று ஏன் திட்டுகிறார்கள் என்பது, அந்தக் குண்டு இறங்குவதைப் பார்த்த பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். அதே விளக்கெண்ணெயைச் சூடுபடுத்திவிட்டுப் போட்டால் குண்டு விறுவிறுவென்று கீழே போய்விடும். ஆயிலுக்கும் அதே கதைதான். டின்னில் போட்டிருக்கும் இரண்டு எண்களில் முதலாவது குளிரில் அது எப்படி இருக்கும் என்பதற்கு, இரண்டாவது நூறு டிகிரிச் சூட்டில் எப்படி இருக்கும் என்பதற்கு. வண்டியோடு கொடுத்த புத்தகத்தில் எந்த எண் போட்டிருக்கிறதோ அதை வாங்கினால் போதும், கடைக்காரர் யோசனை தேவையில்லை.

இதெல்லாம் தெரிந்தும் முதல் தடவை நான் பட்ட பாடு இருக்கிறதே! நைட்டிக்கு மேல் அவருடைய பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு படுத்தேன். எதிர்வீட்டு மாடியில் நான்கு பேர் வேடிக்கை. ஆயில் இறக்குகிற அடிப்பக்கத்துப் போல்ட்டைக் கையால் திருகிக்கொண்டே வந்தவள், கடைசி மரையில் அதை உள்பக்கமாக அழுத்திப் பிடித்து வெடுக்கென்று விலக்க வேண்டும் என்பதை மறந்துவிட்டேன். ஆயில் நேராக விழும் என்று பேசினை நேர் கீழே வைத்திருந்தேன். அது பக்கவாட்டில் பீய்ச்சிக்கொண்டு வந்து, கை வழியாக ஓடி, முழங்கையில் சொட்டி, போல்ட்டையும் வாஷரையும் பேசினுக்குள் இழுத்துக்கொண்டு போனது. அந்தக் கறுப்பு எண்ணெயில் விரலை விட்டுத் துழாவித்தான் எடுத்தேன். இப்போது கையுறை போடாமல் தொடுவதில்லை.

ஃபில்டரில் ஒரு விஷயம். பழையதைக் கழற்றினால் அதன் ரப்பர் வளையமும் கூடவே வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சில சமயம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். அதன் மேல் புது ஃபில்டரை ஏற்றினால், வண்டி ஓடும்போது மொத்த ஆயிலும் வெளியே போய்விடும். புது வளையத்தில் விரலால் கொஞ்சம் ஆயில் தடவி, வளையம் படிந்த பிறகு கையாலேயே இன்னொரு முக்கால் சுற்று. அவ்வளவுதான், பலம் காட்ட வேண்டாம். போல்ட்டும் அப்படித்தான். வாஷரைப் புதிதாகப் போடுங்கள், பத்து இருபது ரூபாய்தான்.

புது ஆயில் அளவும் பார்த்து ஊற்ற வேண்டும். அளவுக்கோலில் மேல்கோட்டைத் தாண்டினால் உள்ளே சுழலும் தண்டு ஆயிலைக் கடைந்து நுரையாக்கிவிடும். மிச்சப் புது ஆயிலை எதிர்வீட்டுத் தம்பி பைக்குக்குக் கேட்டான். நான் கொடுக்கவில்லை. பைக்கில் கிளட்ச்சும் அதே ஆயிலில்தான் மிதக்கிறது. கார் ஆயிலில் வழுக்குவதற்கென்றே சில மருந்துகள் சேர்ப்பதுண்டு, கிளட்ச் பிடிக்காமல் போகும். "டீச்சர் கஞ்சம்" என்று நினைத்திருப்பான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எல்லாம் முடிந்து கையைக் கழுவிக்கொண்டு வந்தால், பேசினில் மூன்று லிட்டருக்குக் கொஞ்சம் குறைய, தார் மாதிரி, பழைய ஆயில் நிற்கிறது. கழற்றிய ஃபில்டரை ஒரு ராத்திரி கவிழ்த்து வைத்தால் அதிலிருந்தும் ஒரு டம்ளர் அளவு வடிகிறது. இதை எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது?

குப்பை வாங்க வருகிற அக்காவிடம் கேட்டேன். "அய்யோ, இதெல்லாம் வண்டியில ஏத்த முடியாதும்மா" என்றார். அவர் சொன்னது நியாயம்தான். மற்ற குப்பையோடு இது சேர்ந்தால் அத்தனையும் வீண். பெட்ரோல் பங்க்கில் கேட்டேன், நாங்கள் விற்பதோடு சரி என்றார்கள். ஆயில் வாங்கிய கடையில் கேட்டதற்குக் கடைக்காரர் சிரித்தார். "சாக்கடையில ஊத்திடுங்க மேடம், எல்லாரும் அதான் பண்றாங்க."

சாக்கடை எங்கே போகிறது? ஜூன் 12 மேட்டூர் திறப்பார்களா மாட்டார்களா என்று மாதக்கணக்கில் பேசுகிற ஊர் இது. புதாறு என்று நாங்கள் சொல்கிற கல்லணைக் கால்வாயில்தான் ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் வரைக்கும் தண்ணீர் போகிறது. தெருவில் ஊற்றியதை ஒரு மழை அடித்துக்கொண்டு போய் வாய்க்காலில்தானே சேர்க்கும்? ஒரு சொட்டு விழுந்தாலே தண்ணீர் மேல் வானவில் மாதிரி எவ்வளவு தூரம் படர்கிறது என்று பார்த்திருக்கிறீர்களா? மூலக்கூறின் அளவைக் கணக்கிடுவதற்கே அப்படி எண்ணெய்ப் படலத்தைப் பரப்பிக் காட்டுவோம் வகுப்பில். மூன்று லிட்டருக்கு நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதல் வருடம் நானும் ஒரு தப்பு செய்தேன். பக்கத்து மனையில் கட்டடம் கட்டிக்கொண்டிருந்த மேஸ்திரி, சென்ட்ரிங் பலகைக்குத் தடவ வேண்டும் என்று கேட்டார், சந்தோஷமாகக் கொடுத்துவிட்டேன். மறுநாள் பார்த்தால், இருபது வயது கூட ஆகாத ஒரு பையன், பனியன் துணியை அதில் நனைத்து வெறுங்கையால் பலகைகளில் தேய்த்துக்கொண்டிருந்தான். முழங்கை வரைக்கும் கறுப்பு. பத்து மணிக்கு டீ வந்ததும் லுங்கியில் கையைத் துடைத்துக்கொண்டு பன்னைப் பிய்த்துத் தின்றான். ஓடி ஓடித் தீய்ந்த ஆயிலில் புற்றுநோய் உண்டாக்கும் சமாச்சாரங்கள் இருக்கின்றன, உலோகத் துகளும் இருக்கிறது. தெரிந்துதான் கொடுத்தேன், யோசிக்காமல் கொடுத்தேன். அதற்குப் பிறகு சென்ட்ரிங்குக்குக் கேட்டாலும் சரி, தென்னைக்குக் கரையான் மருந்தாகக் கேட்டாலும் சரி, இல்லை என்றுவிடுகிறேன்.

இரண்டாம் வருடம் பைபாஸில் ஒரு மெக்கானிக் தம்பி தன் பேரலில் ஊற்றிக்கொள்ளச் சொன்னார். ஊற்றினேன். "தம்பி, இது அப்புறம் எங்கே போகும்?" என்றேன். "யாரோ வேன் எடுத்துட்டு வருவாங்க டீச்சர், லிட்டர் கணக்குல காசு குடுத்து எடுத்துட்டுப் போவாங்க. அதுக்கு மேல எனக்குத் தெரியாது" என்றார். சுத்திகரிக்கிற ஆலைக்குப் போனால் நல்லது. ஏதாவது சூளையில் விறகுக்குப் பதிலாக எரிந்தால், நான் சாக்கடையில் ஊற்றாததை வானத்தில் ஊற்றினேன் என்றாகும்.

ஆயில் தேய்ந்து தீர்ந்துபோகிற பொருள் இல்லை. அழுக்காகிறது, சேர்த்திருக்கும் மருந்துகள் தீர்கின்றன, அவ்வளவுதான். கலந்திருக்கும் தண்ணீரையும் பெட்ரோலையும் நீக்கி, வெற்றிடத்தில் காய்ச்சி வடித்தால் அடிப்படை எண்ணெய் திரும்பக் கிடைத்துவிடும். சட்டமும் இல்லாமல் இல்லை. 2016 அபாயகரக் கழிவு விதிகளில் பழைய ஆயிலும் இருக்கிறது. 2023இல் அந்த விதிகளைத் திருத்தி, ஆயில் தயாரிக்கிற நிறுவனங்களே அதன் மறுசுழற்சிக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்று ஆக்கினார்கள். 2024 ஏப்ரல் முதல் தேதி அது நடைமுறைக்கு வந்தது. சுத்திகரிக்கிற ஆலைகளிடமிருந்து சான்றிதழ் வாங்கி நிறுவனங்கள் அந்தப் பொறுப்பின் கணக்கை நேர் செய்துகொள்ளலாம். கணக்கு நேராகட்டும். என் வீட்டு மாடிப்படிக்கு அடியில் இருக்கிற டப்பா அந்தக் கணக்கில் எந்த வழியாகப் போய்ச் சேரும்?

ஜெர்மனியில் ஆயில் விற்கிற கடை, விற்ற அளவுக்குப் பழைய ஆயிலைக் காசில்லாமல் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும் என்று சட்டம். அவ்வளவு தூரம் போவானேன்? 2022இல் நீலகிரியில் ஆரம்பித்து, மதுபான பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பினால் அந்தப் பத்தைத் திருப்பித் தருகிற ஏற்பாட்டை இங்கேயே மற்ற மாவட்டங்களுக்கும் கொண்டுவரவில்லையா? ஆயில் டின்னுக்கும் ஐம்பது ரூபாய் கூட்டி வாங்கட்டும். பழைய ஆயிலோடு டின்னைத் திருப்பினால் அந்த ஐம்பதைக் கொடுக்கட்டும். கடை வாசலில் மூடி போட்ட ஒரு பேரல், அதை எடுத்துப்போக ஒரு பதிவு பெற்ற வண்டி. இதற்குப் பெரிய திட்டம் எதுவும் வேண்டாம் என்று நினைக்கிறேன்.

அதுவரைக்கும், வீட்டில் ஆயில் மாற்றுகிறவர்கள் பழையதை ஆயில் வந்த டின்னிலேயே ஊற்றி மூடி, மேலே எழுதி வையுங்கள். கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் வேண்டாம், பிள்ளைகள் இருக்கிற வீடு. கூலன்ட், பெட்ரோல், பிரேக் ஆயில் எதையும் அதில் கலக்காதீர்கள், கலந்தால் ஆலைக்காரர்கள் தொட மாட்டார்கள்.

என்னிடம் இரண்டு வருடத்து ஆயில் இரண்டு டின்னில் இருக்கிறது, ஃபில்டர் இரண்டும் பாலித்தீன் பையில். தஞ்சாவூரிலோ திருச்சியிலோ பதிவு பெற்ற இடம் எது என்று விவரம் தெரிந்த வாசகர் யாராவது இந்தப் பகுதிக்கு எழுதினால், அடுத்த ஞாயிறே வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிடுகிறேன். அந்த அன்பர் தன்னுடையதை இன்னும் வைத்திருந்தால் அதையும் சேர்த்தே எடுத்து வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியை,
தஞ்சாவூர்.