தாம்பரம் விமானப்படைப் பயிற்சி முகாமின் பழைய புகைப்படங்களையும் வீரர்களின் நினைவுகளையும் பதிவு செய்யக் கோரும் மனு

இடம்: சேலையூர்
நாள்: 02.12.2024

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற ஜூனியர் வாரண்ட் ஆபீசர் (ஏர்ஃப்ரேம் ஃபிட்டர்), இந்திய விமானப்படை,
மற்றும் உடன் கையொப்பமிட்டுள்ள முன்னாள் படைவீரர்கள்,
கேம்ப் ரோடு, சேலையூர், தாம்பரம் கிழக்கு.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
செங்கல்பட்டு மாவட்டம்.

பொருள்: தாம்பரத்தில் பயிற்சி பெற்ற முன்னாள் விமானப்படை வீரர்களிடம் உள்ள பழைய படங்களை ஸ்கேன் செய்து, அவர்களின் நினைவுகளைக் குரல்பதிவு செய்து, அரசு ஆவணமாகப் பாதுகாக்க வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடந்த அக்டோபர் 8ஆம் தேதி விமானப்படையின் 92ஆவது ஆண்டு அணிவகுப்பு நம் மாவட்டத்தில், தாம்பரம் விமானப்படை நிலையத்தில் நடந்தது. அந்த நிலையத்தில் பயிற்சி பெற்ற பழைய ஆட்கள் பலர் சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், மாடம்பாக்கம், செம்பாக்கம் என்று சுற்றுவட்டாரத்திலேயே வீடு கட்டிக் குடியிருக்கிறோம். எங்கள் வீட்டு பீரோக்களில் அந்த முகாமின் பழைய படங்கள் கிடக்கின்றன. யார் எவர் என்ற விவரமெல்லாம் எங்கள் தலைக்குள் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பதிவு செய்துகொள்ளுங்கள் என்பதுதான் இம்மனு. பென்ஷன் பாக்கி இல்லை, பட்டா பிரச்சினையும் இல்லை. திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு இப்படியொரு மனு வழக்கமாக வராது என்பதால், கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. பொறுத்தருள வேண்டும்.

தாம்பரம் விமான தளம் இன்று நேற்று வந்ததல்ல. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அது பிரிட்டிஷ் கடற்படையின் விமானத் தளமாக இருந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு நம் விமானப்படையின் பயிற்சி மையமாயிற்று. விமானிகளுக்குக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியர்களைத் தயாரிக்கிற பள்ளி (எஃப்.ஐ.எஸ். என்போம்) 1954இல் அம்பாலாவிலிருந்து இங்கே வந்தது, இன்றும் இங்கேதான் இருக்கிறது. வானத்தில் பறப்பவர்களுக்கு ஒரு பக்கம் பயிற்சி என்றால், தரையில் நின்று விமானத்தைப் பறக்கும் நிலையில் வைத்திருக்கிற ஏர்மேன்களுக்கு இன்னொரு பக்கம் பயிற்சி. கிரவுண்ட் டிரெயினிங் ஸ்கூல் என்று பழைய ஆட்கள் சொல்வோம். இப்போது மெக்கானிக்கல் டிரெயினிங் இன்ஸ்டிடியூட், சுருக்கமாக எம்.டி.ஐ. விமானப்படை என்றாலே எல்லோருக்கும் விமானிதான் ஞாபகத்துக்கு வருவார். அது இயல்புதான். ஆனால் ஒரு விமானி பறக்க, கீழே எத்தனையோ பேர் கையில் கிரீஸ் படிய வேண்டும். அந்தக் கைகள் பழகிய இடங்களில் தாம்பரம் முக்கியமானது.

நான் 1964இல் சேர்ந்தவன். 1962 சீனப் போருக்குப் பிறகு படையைப் பெருக்கிய காலம் அது. என் பில்லட்டில் (நாங்கள் தங்கிய பாரக்ஸ் அறையை அப்படித்தான் சொல்வோம்) பஞ்சாபி, வங்காளி, தெலுங்கர், மலையாளி எல்லோரும் இருந்தோம். மலையாளிகள் கொஞ்சம் அதிகம். காக்கி அரைக்கை சட்டை, வேலைக்கு டாங்ரி என்ற முரட்டுத்துணி உடுப்பு, பெல்ட்டின் பித்தளைக்கு தினமும் பிராசோ பாலிஷ். விடிவதற்கு முன்பே பி.டி., அப்புறம் டிரில், அப்புறம் வகுப்பு. விமானத்தைத் தொட விடுவார்கள் என்று வந்தவன் கையில் முதலில் கொடுத்தது ஓர் இரும்புத் துண்டும் அரமும். அதை நாலு பக்கமும் சதுரமாக ராவ வேண்டும். ராவி முடித்துக் கொண்டுபோனால், இன்ஸ்ட்ரக்டர் டிரை ஸ்கொயரை (மூலைமட்டம்) அதன் மேல் வைத்து ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடிப்பார். இடுக்கில் ஒரு நூல் வெளிச்சம் தெரிந்தாலும், "ரோஷ்னி ஆ ரஹி ஹை, ஜாவ்" (வெளிச்சம் வருது, போ) என்று திருப்பி அனுப்பிவிடுவார். உள்ளங்கை கொப்புளித்து, கொப்புளம் உடைந்து, காய்ப்பு ஏறிய பிறகுதான் வெளிச்சம் அடைபட்டது. மேலே எந்நேரமும் ஹார்வர்ட் என்ற பயிற்சி விமானத்தின் இரைச்சல். அந்தக் காதைப் பிளக்கிற சத்தத்தைக் கேட்டவர்கள் லேசில் மறக்க மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை அவுட்பாஸ் கிடைத்தால் தாம்பரத்திலிருந்து மீட்டர்கேஜ் எலக்ட்ரிக் ரயிலேறி எழும்பூர், மவுண்ட் ரோடு. 1965 செப்டம்பரில் போர் மூண்டபோது கேண்டீன் ரேடியோவைச் சுற்றி நின்று செய்தி கேட்டோம். எங்களுக்கு முந்தைய பேட்ச் ஆட்கள் பஞ்சாபில் பதான்கோட், ஹல்வாரா விமானத் தளங்களில் இருந்தார்கள்.

இதையெல்லாம் பெருமைக்காகச் சொல்லவில்லை. இந்த விவரங்கள் எந்த அரசாணையிலும் இருக்காது. படையின் அதிகாரப்பூர்வ ஆவணங்களில் பிரிவு, தேதி, உத்தரவு எல்லாம் இருக்கும். பயிற்சிக்கு வந்த பதினெட்டு வயதுப் பையன் எப்படி நின்றான், என்ன சாப்பிட்டான், எதற்கு அழுதான் என்பதெல்லாம் எங்கள் ஆல்பங்களிலும் எங்கள் வாயிலும்தான் இருக்கிறது.

இம்மனுவுடன் ஒரு குரூப் போட்டோவின் நகலை இணைத்திருக்கிறேன். பயிற்சி முடிந்து அவரவர் யூனிட்டுக்குக் கிளம்பும் முன் எடுத்தது. கெட்டி அட்டையில் ஒட்டி, ஆளுக்கொரு பிரதி என்று ஸ்டுடியோக்காரர் விற்றார். முன்வரிசையில் நாற்காலி போட்டு இன்ஸ்ட்ரக்டர்கள்; பின்னால் பெஞ்சு மேல் ஏறி நாங்கள். இரண்டாவது வரிசையின் வலது ஓரத்தில் ஒருவன் தலை லேசாக அசைந்து மங்கியிருக்கும். அவனுக்குத் தும்மல் வந்துவிட்டது. அதற்காக சாயங்காலம் எக்ஸ்ட்ரா டிரில் வாங்கினான். இந்தச் சங்கதி படத்தில் இல்லை, நான் சொன்னால்தான் உண்டு. அதே படத்தின் மேல்வரிசையில் மூன்று பேரின் பெயர் எனக்குத் தெரியவில்லை. கொச்சிப் பக்கம் இருந்த நண்பருக்கு அந்த மூன்று பெயரும் தெரியும். போன வருஷம் அவர் காலமாகிவிட்டார். அறுபதுகளில் பயிற்சிக்கு வந்தவர்களுக்கு இப்போது எண்பதை ஒட்டிய வயது. இந்த வேலையில் அவசரம் என்ன என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

படங்களின் நிலைமையும் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. கறுப்பு வெள்ளைப் படங்கள் ஓரத்தில் வெள்ளி பூத்து மினுமினுக்கின்றன. எழுபதுகளின் கலர் படங்கள் சிவப்பாகிவிட்டன. சிலர் வீட்டில் நெகட்டிவ் டப்பாவைத் திறந்தால் வினிகர் வாடை அடிக்கிறது. அந்த வாடை வந்துவிட்டால் ஃபிலிம் அழுகத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். இன்னும் சிலர் பத்திரப்படுத்துவதாக நினைத்து லாமினேஷன் செய்துவிட்டார்கள். அதைப் பிரிக்கவும் முடியாது, ஈரம் உள்ளே நின்று படத்தைத் தின்பதைத் தடுக்கவும் முடியாது. பிள்ளைகள் செல்போனில் படமெடுத்து வாட்ஸ்அப்பில் போடுகிறார்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் அதில் படம் சுருங்கி, பெரிதாக்கிப் பார்த்தால் தோளில் இருக்கிற பட்டைகூடத் தெரிவதில்லை.

இதைவிட வருத்தம் தருவது ஒன்று. என் பேட்ச்காரர் ஒருவர் நல்ல கேமரா வைத்திருந்தார். அவர் இறந்து, பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, வீட்டை விற்றபோது ஆல்பங்கள் பழைய பேப்பரோடு எடைக்குப் போய்விட்டன. கேள்விப்பட்டுக் கடைக்கு ஓடியபோது அட்டைகள் மட்டும்தான் மிஞ்சியிருந்தன. பிள்ளைகளையும் குறை சொல்வதற்கில்லை. அதில் இருப்பவர்கள் யாரென்று அவர்களுக்குத் தெரியாது. தெரியாத முகங்களை எத்தனை நாள்தான் வைத்திருப்பார்கள்?

நாங்களாக முயற்சி செய்யாமல் இல்லை. ஓர் அலுவலகத்தில் படங்களைக் கொடுக்கப் போனபோது, "இதற்கென்று ஸ்கீம் எதுவும் இல்லையே" என்றார்கள். வேறோர் இடத்தில் படங்களை வாங்கி வைத்துக்கொள்கிறோம், ரசீது தர முடியாது என்றார்கள். ரசீது இல்லாமல் கொடுக்க மனம் வரவில்லை. மரியாதையாகத்தான் பேசினார்கள், டீகூட வாங்கிக் கொடுத்தார்கள். வேலை மட்டும் நடக்கவில்லை. யாராவது ஒரு மேலதிகாரி சொன்னால் நடக்கும் என்பதால் தங்களிடம் வந்திருக்கிறோம்.

வெளிநாட்டில் இதை வெகுகாலமாகச் செய்கிறார்கள். லண்டனில் உள்ள இம்பீரியல் போர் அருங்காட்சியகம் 1970களிலிருந்தே சாதாரணப் படைவீரர்களின் பேச்சைப் பதிவு செய்துவருகிறது. சமையல்காரர், மெக்கானிக், தந்தி அடித்தவர் எல்லோரும் அதில் பேசியிருக்கிறார்கள். டில்லியில் பாலம் என்ற பகுதியில் நம் விமானப்படைக்கும் அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே விமானங்களைப் பார்க்கலாம்; தாம்பரத்துப் பில்லட்டின் கதை டில்லியில் கிடைக்காது, அது இங்கேதான் கிடைக்கும். தேவையான ஆட்களும் கருவிகளும் தமிழ்நாட்டிலேயே உள்ளன. எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் நூறு ஆண்டுகளுக்கு மேலாக இயங்குகிறது. தமிழ் இணையக் கல்விக்கழகம் பழைய நூல்களையும் ஆவணங்களையும் ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றுகிறது. புதிதாக ஒரு துறை ஏற்படுத்த வேண்டிய அவசியமே இல்லை.

ஆகவே நாங்கள் வேண்டுவது இதுதான். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாகத் தாம்பரத்தில் ஒரு பதிவு முகாம் நடத்த உத்தரவிட வேண்டும். ஜனவரி 14 முன்னாள் படைவீரர் நாள். அன்றைக்கே தொடங்கினால் நல்லது. படத்தைக் கொண்டுவருபவர் எதிரிலேயே நல்ல தரத்தில் ஸ்கேன் செய்து, அசலை அப்போதே அவர் கையில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அசலைத் தானாக முன்வந்து தருபவர்களிடம் மட்டும் எழுத்து மூலம் ரசீது கொடுத்து வாங்கி, ஆவணக் காப்பகத்தில் சேர்க்கலாம். ஸ்கேன் செய்கிற மேஜைக்குப் பக்கத்திலேயே ஒலிப்பதிவுக் கருவியுடன் ஒருவரை உட்கார வைக்க வேண்டும். படத்தைக் காட்டி "இது யாரு, இது எந்த இடம்?" என்று கேட்டாலே போதும், எங்கள் ஆட்கள் நிறுத்த மாட்டார்கள். அக்கம்பக்கத்துக் கல்லூரிகளின் வரலாற்றுத்துறை மாணவர்களை இதற்கு அழைக்கலாம். படத்தின் பின்னால் பால்பாயிண்ட் பேனாவால் எழுதாமல், மென்மையான பென்சிலால் எழுதச் சொல்ல வேண்டும் என்பது அவர்களுக்கு ஒரு சின்ன வேண்டுகோள். நடக்க முடியாதவர்களின் வீட்டுக்கு யாராவது போய் வந்தால் புண்ணியமாக இருக்கும்.

படைவீரர்களோடு நிறுத்திவிட வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறோம். முகாமுக்குள் சலவை செய்தவர், முடி வெட்டியவர், சட்டையைப் பிடித்துத் தைத்தவர், கேண்டீனில் வேலை பார்த்தவர் எல்லோரும் இந்தச் சுற்றுவட்டாரத்து ஆட்கள். குவார்ட்டர்ஸில் குடித்தனம் நடத்திய எங்கள் மனைவிமாருக்கு எங்களைவிட அதிகம் தெரியும். இரவோடு இரவாக மாற்றல் உத்தரவு வந்து டிரங்குப் பெட்டி கட்டிய கதையை அவர்கள் சொல்லிக் கேட்க வேண்டும்.

ஒரு சந்தேகம் எழலாம். விமானப்படை நிலையத்தின் படங்களை வெளியிடுவது பாதுகாப்புக்குக் குந்தகமாகாதா? நியாயமான கேள்வி. நாங்களும் அரசு ரகசியச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டுக் கையெழுத்துப் போட்டவர்கள்தான். எங்களிடம் இருப்பவை பெரும்பாலும் ஆட்களின் படங்கள்: பரேடு, பில்லட், கால்பந்து அணி, ஓணம் சத்யா, பாரா கானா என்ற படை விருந்து. இருந்தாலும் ஸ்கேன் செய்த படங்களைப் பொதுவில் வைக்கும் முன் தாம்பரம் நிலைய அதிகாரிகளின் பார்வைக்கு அனுப்பி ஒப்புதல் பெற வேண்டும். அவர்கள் நிறுத்தி வைக்கச் சொல்லும் படத்தை நிறுத்தி வைக்கலாம். இது பற்றி நிலையத்துக்குத் தாங்கள் ஒரு கடிதம் எழுதினால் மீதி வேலை எளிதாகிவிடும். வயதானவர்களாகிய நாங்கள் கேட்டில் நின்று கேட்பதைவிட ஆட்சியர் எழுதுகிற கடிதத்துக்கு மதிப்பு அதிகம்.

முகாமுக்கு நாற்காலி, பந்தல், தண்ணீர் ஏற்பாட்டை நாங்களே செய்துகொள்கிறோம். யாரிடம் எந்தப் படம் இருக்கிறது என்ற பட்டியலும் கைவசம் தயாராக உள்ளது. தேதியும் பொறுப்பு அலுவலர் யார் என்பதும் தெரிந்தால் போதும், ஆட்களைக் கூட்டிவருவது எங்கள் பொறுப்பு.

தங்கள் நல்ல பதிலை எதிர்பார்க்கிறோம்.

தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)
முன்னாள் விமானப்படை வீரர்கள், தாம்பரம் கிழக்கு

இணைப்பு: பயிற்சி முடிவு குரூப் போட்டோ நகல், பெயர் தெரிந்தவர்களின் பட்டியலுடன், படங்கள் வைத்திருப்போர் பட்டியல், கையொப்பத் தாள்கள்.

நகல்: உதவி இயக்குநர், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம், ஆணையர், தமிழ்நாடு ஆவணக் காப்பகம், எழும்பூர், சென்னை.