இருமும் குதிரை: நண்பனுக்கு ஒரு கடிதம்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. நீ நலமாக இருப்பதில் மகிழ்ச்சி. ஆனால் குதிரையைப் பற்றி எழுதியிருந்தது மனதை உறுத்துகிறது. டிராட் (துள்ளு நடை) தொடங்கியதும் இரண்டு மூன்று தடவை இருமிவிட்டு அப்புறம் சரியாகிவிடுகிறது, 'தொண்டையைச் செருமுகிறது, வேறொன்றுமில்லை' என்று லாயத்தில் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். தயவுசெய்து அதை நம்பாதே. குதிரை லேசில் இருமாது. மூச்சுக்குழாயில் நல்ல அளவு சளி சேர்ந்த பிறகுகூட இருமாத குதிரைகள் உண்டு. அதனால் ஒவ்வொரு சவாரியிலும் கேட்கும் அந்த இரண்டு இருமலை நான் சிறியதாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

முதல் வேலை, தொற்று இல்லை என்று உறுதிசெய்வது. ஓய்வில் இருக்கும்போது ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்துப் பார். 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ் வரை இயல்பு. அதைத் தாண்டினால், தாடைக்கு அடியில் கட்டி வீங்கினால், மூக்கிலிருந்து மஞ்சளாகக் கெட்டிச்சளி வடிந்தால், அன்றைக்கே குதிரையைத் தனியாகக் கட்டிவிட்டு மருத்துவரை அழை. இன்ஃப்ளூயன்சாவும், ஸ்ட்ராங்கிள்ஸ் என்னும் தொண்டைக் கட்டித் தொற்றும் ஒரு லாயத்தையே படுக்கவைத்துவிடும். இன்ஃப்ளூயன்சா வந்த குதிரைக்குக் காய்ச்சல் அடித்த நாள் ஒவ்வொன்றுக்கும் ஒரு வாரம், எப்படியும் மூன்று வாரத்துக்குக் குறையாமல், ஓய்வு வேண்டும். காய்ச்சல் விட்டதும் சேணம் கட்டுவதுதான் பலர் செய்யும் தவறு. சளியை மேலே தள்ளும் நுண்ணிய மயிரிழைகள் மறுபடி வளர அவ்வளவு நாளாகும். கழுதைகளோடு ஒரே மேய்ச்சலில் விடுகிறாய் என்றால் நுரையீரல் புழு இருக்கிறதா என்றும் கேட்டுப் பார்.

நீ எழுதியதைப் பார்த்தால் காய்ச்சல் இல்லை, தீனி குறையவில்லை, ஒரு மாதத்துக்கு மேல் நீடிக்கிறது. இது பெரும்பாலும் குதிரை ஆஸ்துமாவாகத்தான் இருக்கும். முன்பு இதற்கே பல பெயர்கள் புழங்கின. 2016-இல் வந்த மருத்துவர்களின் ஒருமித்த அறிக்கைக்குப் பிறகு, லேசானது முதல் கடுமையானது வரை எல்லாவற்றையும் 'ஆஸ்துமா' என்றே அழைக்கிறார்கள். லேசான நிலையில் ஓய்வில் மூச்சு இயல்பாகவே இருக்கும். இருமலும், வேலையில் சோர்வும் மட்டும் தெரியும். கடுமையான நிலையில் நின்றபடியே மூச்சுத் திணறும், மூக்குத்துளை விரியும், வெளிமூச்சின் கடைசியில் வயிறு இன்னொரு தடவை அழுந்தும். நாள்பட்டால் விலாவுக்குக் கீழே தசை தடித்து ஒரு கோடு விழும்.

சவாரிக் குதிரையில் இது சீக்கிரமே தெரிவதற்குக் காரணம் உண்டு. குதிரை வாயால் மூச்சு விடாது, மூக்கால் மட்டும்தான். கேன்டர் என்னும் மித ஓட்டத்திலும் பாய்ச்சலிலும் ஒரு அடிவைப்புக்கு ஒரு மூச்சுதான். வேகமாக மூச்சு வாங்கி ஈடுகட்ட வழியே இல்லை. சிறு குழாய்கள் சுருங்கி, உள்ளே சளியும் நின்றால் முதலில் குறைவது ஓட்டம்தான். அதைச் சோம்பல் என்று நினைத்துக் குதிமுள்ளால் குத்தும் சவாரிக்காரர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது.

இனி முக்கியமான விஷயம், புல். நோயின் வேர் பெரும்பாலும் அங்கேதான். ஈரம் சரியாகக் காயாமல் கட்டிய உலர்புல்லில் பூஞ்சை வளரும். அதன் வித்துகளில் 5 மைக்ரானுக்கும் குறைவானவை நுரையீரலின் கடைசிக் குழாய்வரை போய்விடும். கண்ணுக்குச் சுத்தமாகத் தெரியும் புல்லில்கூட அவை இருக்கும். கட்டை அவிழ்க்கும்போது புகைபோல் கிளம்பினாலோ, மக்கல் வாசம் அடித்தாலோ அந்தக் கட்டைத் திருப்பி அனுப்பு. நனைத்தால் சரியாகிவிடும் என்று சமாளிக்காதே.

நல்ல புல்லையும் நனைத்தே கொடு. மேலே தண்ணீர் தெளித்தால் போதாது, கட்டின் நடுப்பகுதி காய்ந்தே இருக்கும். பிரித்து, முழுவதும் மூழ்கும்படி அரை மணி நேரம் ஊறவை. அதற்கு மேல் ஊறினால் சர்க்கரையும் தாதுக்களும் கரைந்து போவதோடு பாக்டீரியாவும் பெருகும், வெயில் காலத்தில் இன்னும் வேகமாக. ஊறிய தண்ணீரை ஒவ்வொரு தடவையும் கொட்டிவிடு. தின்னாமல் மிஞ்சியது காய்ந்தால் தூசி திரும்ப எழும், அதனால் உடனே அள்ளிவிடு. ஆவியில் வேகவைக்கும் பெட்டி இருந்தால் இன்னும் நல்லது, பூஞ்சையோடு பாக்டீரியாவும் சாகும். ஆனால் கட்டின் நடுப்பகுதிவரை சூடு ஏற வேண்டும். வெதுவெதுப்பாக நின்றுவிட்டால் பாக்டீரியா பெருகத்தான் அது உதவும். ஹேலேஜ் (பாதி உலர்ந்ததும் காற்றுப் புகாமல் உறையிட்ட புல்) கிடைத்தால் நனைக்கும் வேலையே இல்லை. உறை கிழிந்த கட்டை மட்டும் தொடாதே.

புல் வலையைக் கழற்றிவிடு. வலைக்குள் மூக்கைப் புதைத்துத் தின்னும் குதிரை, தூசிக்குள்ளேயே மூச்சு விடுகிறது. தரையில் போட்டால் தூசியும் குறையும், தலை தாழ்வதால் சளியும் தானாக வழிந்து வெளியேறும். வண்டியில் ஏற்றிப் போகும்போதும் இதே கணக்குதான். தலையை உயரக் கட்டி மணிக்கணக்கில் கொண்டுபோனால் கிருமி கீழே இறங்கி நுரையீரல் அழற்சி வரும். நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவையாவது நிறுத்தி, தலைக்கயிற்றை அவிழ்த்துத் தலையைத் தாழ்த்த விடு.

படுக்கைக்கு வைக்கோல் வேண்டாம். தூசி நீக்கிய மரச்சீவல் போடு. சிறுநீர் ஊறிய பகுதியை நாள்தோறும் அள்ளு. தரையருகே குனிந்து முகர்ந்து பார். சிறுநீர் நெடியில் உனக்குக் கண் எரிந்தால், படுத்திருக்கும் குதிரைக்கு இன்னும் மோசம். குதிரையை வெளியே விட்டுவிட்டுத்தான் கூட்ட வேண்டும், தூசி அடங்க ஒரு மணி நேரமாவது ஆகும். பக்கத்துக் கொட்டடியில் வைக்கோலும் காய்ந்த புல்லும் இருந்தால் உன் உழைப்பு பாதி வீண், அவர்களிடமும் பேசு. எதுவும் முடியவில்லையா? எவ்வளவு நேரம் முடியுமோ அவ்வளவு நேரம் வெளியே விடு. சில குதிரைகளுக்கு வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த பருவத்தில் மேய்ச்சலில்தான் கூடும் என்பதை மட்டும் நினைவில் வை.

சவாரியின்போது இருமினால் லகானைத் தளர்த்தி, கழுத்தை நீட்டித் தலையைத் தாழ்த்த விடு. இருமி முடிக்கட்டும், அதட்டாதே.

மருந்து பற்றிக் கேட்டிருந்தாய். இருமல் சிரப்பை நிறுத்திவிடு. சளியை உள்ளேயே தங்கவைப்பதில் லாபமில்லை. எண்டோஸ்கோபி செய்து, நுரையீரலை உப்புநீரால் கழுவி எடுத்த திரவத்தைச் சோதிக்கச் சொல். சளிக்கு 0 முதல் 5 வரை மதிப்பெண் கொடுப்பார்கள். சவாரிக் குதிரைக்கு 2-ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டும். கழுவிய திரவத்தில் நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணு, மொத்த அணுக்களில் 25 சதவீதத்தைத் தாண்டினால் பெரும்பாலும் கடுமையான ஆஸ்துமா. மருத்துவர் ஸ்டீராய்டு எழுதினால் குளம்பு அழற்சி முன்பு வந்ததுண்டா என்பதைச் சொல்லிவிடு. மாத்திரை என்றால் பிரட்னிசோலோனா என்று பார்த்து வாங்கு. பிரட்னிசோன் குதிரையின் உடலில் சரியாக ஏறாது. குழாயை விரிக்கும் கிளென்பியூட்டரால் நாளடைவில் பலன் குறையும். போட்டிக்குப் போவதாக இருந்தால் இவற்றுக்கெல்லாம் தடைக்காலம் உண்டு, அத்தனை நாள் முன்பே நிறுத்திவிட வேண்டும். புல்லை மாற்றாமல் மருந்தை மட்டும் கொடுத்தால், மருந்து நின்ற சில நாளில் இருமல் திரும்பிவிடும்.

உள்மூச்சில் விசில்போலச் சத்தம் கேட்டால் எழுது. அது குரல்வளையின் இடப்பக்க நரம்புச் சிக்கலாக இருக்கலாம், அதற்கு வழியே வேறு.

இன்றிலிருந்து காலையில் தீனிக்கு முன், குதிரை அமைதியாக நிற்கும்போது விலாவைப் பார்த்து ஒரு நிமிட மூச்சை எண்ணிக் குறித்து வை. 8 முதல் 16 வரை இயல்பு. 20-க்கு மேல் போகும் நாளில் சேணம் கட்டாதே. நின்றபடி திணறினால், ஈறு நீலம் பாய்ந்தால் அது அவசரம், மருத்துவரை உடனே வரவழை. மாற்றம் தெரிய மூன்று நான்கு வாரமாகும், பொறுத்துக்கொள். ஒரு வார எண்ணிக்கையோடு அடுத்த கடிதம் எழுது. புல் கட்டு எப்படி இருந்தது என்பதையும் சேர்த்து எழுது.

அன்புடன்,
உன் நண்பன்