வாட்ச் கடையிலிருந்து

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நாங்கள் நலம். அம்மாவின் முட்டிவலி கொஞ்சம் தேவலை.

போன வாரம் போனில், உன் ஆய்வகச் சோதனையைப் பற்றிக் கேட்டதற்கு, "எட்டு மாசமா வெறும் இரைச்சல்தாம்பா வருது" என்று சொல்லி வைத்துவிட்டாய். அப்புறம் எனக்குத் தூக்கம் வரவில்லை. நீ முன்பு அனுப்பிய கட்டுரையை எடுத்து, அகராதியும் கையுமாக மூன்று ராத்திரி படித்தேன். 2004-இல் கலிபோர்னியாவில், ஐபிஎம் ஆல்மடன் ஆய்வகத்தில் டேனியல் ரூகர் குழு ஒற்றை எலெக்ட்ரானின் ஸ்பின்னை, அதாவது அதன் குட்டிக் காந்த குணத்தை, பிடித்த கதை.

படிக்கப் படிக்கச் சிரிப்பு வந்தது. இது நம் கடை வேலைதானே! வாட்சைக் கழற்றி ஸ்பீக்கர் மேல் வைத்துவிட்டு, "அரை மணி ஃபாஸ்டா ஓடுது" என்று கொண்டுவருவார்களே, ஞாபகம் இருக்கிறதா? திறந்தால் ஹேர்ஸ்பிரிங் என்ற மெல்லிய சுருள்வில்லின் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும். காந்தம் ஏறியிருக்கும். காந்தத்தை நான் கண்ணால் பார்த்ததே இல்லை, ஓட்டத்தை வைத்துத்தான் கண்டுபிடிப்பேன்.

அவர்களும் அப்படித்தான். தலைமுடியைவிட ஆயிரம் மடங்கு மெல்லிசான சிலிக்கான் நாக்கு, நுனியில் காந்தத் துணுக்கு. நொடிக்குச் சுமார் 5,500 ஆட்டம். அடியில் சிலிக்கா கண்ணாடிக்குள் ஒரே ஒரு எலெக்ட்ரான், அதுவும் ஒரு குட்டிக் காந்தம். அது இழுத்தால் அந்த 5,500-இல் ஓர் ஆட்டத்தின் ஆயிரத்தில் சில பங்கு மாறும், அவ்வளவுதான். கணக்குப் போட்டுப் பார்த்தேன். வாட்சாக இருந்தால் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு நொடி தப்பும்! அப்படி ஒரு வாட்ச் வந்தால் திறக்காமல் கும்பிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

அந்த மைக்ரோவேவ் தந்திரம் ரொம்பப் பிடித்தது. மைக்ரோவேவ் அலையைக் கொண்டு ஸ்பின்னைத் தாங்களே ஒரு தாளத்தில் புரட்டிவிட்டு, அதே தாளத்தில் வரும் மாற்றத்தை மட்டும் தேடியிருக்கிறார்கள். கருவியைக் கடுங்குளிரில் வைத்தும், அத்தனை தந்திரத்துக்குப் பிறகும், ஒரு புள்ளியை அளக்க 13 மணி நேரம்.

1991-இல் இந்த யோசனையைச் சொன்ன ஜான் சிடில்ஸ் எலும்பு மருத்துவத் துறையில் வேலை பார்த்தவராமே? அம்மாவிடம் சொன்னேன். "என் முட்டியையும் அவரையே பார்க்கச் சொல்லுங்க" என்றாள்.

ஒரு சந்தேகம். உங்கள் மேசைக்குப் பக்கத்தில் பம்ப் ஏதாவது ஓடுகிறதா? வாசலில் பஸ் போனாலே என் ட்வீசர் நுனி ஆடும். கேட்டுப் பார்.

இன்னொன்று. அந்த 13 மணி நேரமும் எண்ணப்போவது மெஷின்தான். நீ போய்ச் சாப்பிடு. பருப்புப் பொடி கூரியரில் வருகிறது. இந்தத் தடவை காரம் தூக்கலாகப் போய்விட்டது, நெய் கூட ஊற்றிக்கொள்.

அப்பா